சூடு எங்கிருந்து வருகிறது

மார்ச் 4, செவ்வாய்

காலையில் எழுந்து பார்த்தால் கம்ப்யூட்டர் திரை கறுப்பு. நான் வரைந்த ஹோட்டல் வரவேற்பறையை ரெண்டருக்குப் போட்டுவிட்டுத்தான் படுத்தேன். விடிந்ததும் முழுப் படமாக வந்திருக்க வேண்டும். சுவிட்சை அழுத்தினேன். ஒன்றுமே நடக்காதது போல எழுந்துகொண்டது. பாதிப் படத்தில் அணைந்திருக்கிறது. ஒன்றும் மிஞ்சவில்லை.

கரண்ட் போகவில்லை. போயிருந்தால் அக்காவின் ஆக்சிஜன் மெஷின் கத்தி ஊரையே கூட்டியிருக்கும்.

"என்ன குட்டி, உன் பொட்டி மறுபடியும் மண்டையப் போட்டுடுச்சா?" கட்டிலிலிருந்து அக்கா.

எனக்கு நாற்பத்தொரு வயது. இன்னும் குட்டிதான்.

"சாகல. மயக்கம்."

"அப்போ அதுக்கும் மூக்குல ஒரு குழாய மாட்டி விடு."

தன் மூக்கில் குழாயோடு இதைச் சொல்கிறவளிடம் என்னத்தைப் பேசுவது?

மார்ச் 5, புதன்

சூட்டைக் காட்டும் ஒரு புரோகிராமை ஏற்றினேன். சும்மா இருக்கும்போதே அறுபத்தொன்று. ரெண்டர் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் தொண்ணூற்றேழு டிகிரி. அதற்கு மேல் போனால் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைந்துவிடுமாம். நல்ல புத்தி. எனக்கு அப்படி ஒரு வசதி இல்லை.

அக்கா கேட்டாள், "ரெண்டர்னா என்னதான்டி பண்ணுது அது?"

"நான் கோட்டுல வரைஞ்ச ரூமுக்குள்ள வெளிச்சம் எங்கேருந்து வருது, நிழல் எங்கே விழுதுன்னு கணக்குப் போட்டு, போட்டோ மாதிரி ஆக்கும்."

"கட்டாத ரூமுக்கு வெளிச்சமா?" என்றாள். பிறகு எங்கள் ஜன்னலைப் பார்த்தாள். எதிர்க் கட்டடத்தை இடிக்க ஆரம்பித்ததிலிருந்து அது சாத்தியே கிடக்கிறது. தூசி ஆகாது, திறக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆபீஸ் மேலாளரிடமிருந்து செய்தி: இருபதாம் தேதி ஹோட்டல்காரர்கள் படங்களைப் பார்க்கிறார்கள். ஆறு அறைகள். நான் முடித்தது இரண்டு.

மார்ச் 7, வெள்ளி

சூட்டுக்குத் தூசிதான் காரணம் என்று இணையத்தில் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். சரி, துடைக்கலாம். ஆனால் எங்கே வைத்துத் துடைப்பது? அக்கா இருக்கும் அறையில் அந்தப் பெட்டியைத் திறந்து ஊதினால் டாக்டர் என்னைத்தான் ஊதித் தள்ளுவார்.

வயர்களைக் கழற்றிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் மாடிப்படி முகப்பில் உட்கார்ந்தேன். வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. பக்க மூடியைக் கழற்றினால், விசிறிக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில் கம்பளி மாதிரி தூசி. சின்ன பிரஷால் சுரண்டி எடுத்தேன். எதிர் வீட்டுக்காரர் படியேறி வந்தார். பள்ளி வேன் ஓட்டுகிறவர். "என்னம்மா, ஆபரேஷனா? பேஷன்ட் பிழைக்குமா?" என்று கேட்டுவிட்டு, தன் தோளில் கிடந்த துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போனார்.

உள்ளே அக்கா இருமினாள். என் கை நின்றது. ஒரு இருமல்தான். அப்புறம் சத்தமே இல்லை. சத்தமே இல்லை என்றால் அதுவும் பயம்.

"அக்கா?"

"உசுரோடதான் இருக்கேன், நீ தேய்."

மாட்டி ஓட்டினேன். தொண்ணூற்றிரண்டு! கைதட்டத் தோன்றியது. சாயங்காலம் மறுபடி தொண்ணூற்றேழு.

மார்ச் 8, சனி

தொண்ணூற்றேழு. எங்கேயும் போகவில்லை, நானும்.

மார்ச் 10, திங்கள்

அடுத்தது பேஸ்ட். பிராசஸருக்கும் மேலே இருக்கும் தகடுகளுக்கும் நடுவில் ஒரு பசை தடவியிருப்பார்கள். சூட்டை மேலே கடத்துவது அதுதான். சமையலறை வாசலில் வைத்துக் கழற்றினேன்; எங்களுடையது காய்ந்து சுண்ணாம்பாக உதிர்ந்தது. சர்க்கரை பார்க்க அக்காவின் விரலில் குத்தும்போது துடைக்க வைத்திருக்கும் ஸ்பிரிட்டை எடுத்துத் துடைத்தேன். புதுப் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு. அந்தச் சின்னச் சதுரத்தில் கீறல் விழுந்தால் என் பிழைப்பே போச்சு.

அக்கா தலையணையில் சாய்ந்தபடி வர்ணனை கொடுத்துக்கொண்டிருந்தாள். பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவள் அல்லவா. அந்தக் குரல் இன்னும் போகவில்லை, காற்றுதான் போதவில்லை. "பயணிகளின் கவனத்திற்கு. சமையலறை வழியாகச் செல்லும் கம்ப்யூட்டர்..." அங்கே மூச்சு வாங்கியது. "...தவிர்க்க முடியாத காரணங்களால்..." மறுபடி நின்றாள். மீதியைக் கையால் சொன்னாள்: ரத்து.

சிரித்தேன். சிரித்துக்கொண்டே ஆக்சிஜன் அளவு காட்ட அவள் விரலில் மாட்டியிருந்த மீட்டரைப் பார்த்தேன். அதையும் அவள் பார்த்துவிட்டாள்.

ரெண்டர்: தொண்ணூற்றைந்து. இத்தனை பாடுபட்டதற்கு இரண்டு டிகிரி.

மார்ச் 12, புதன்

கம்ப்யூட்டர் கடைக்கு நானே தூக்கிப் போக முடியாது, அக்காவைத் தனியே விட்டு. வேன்காரர் பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போகும் வழியில் கொண்டுபோய்க் கொடுத்தார். மத்தியானம் கடைக்காரர் போன் பண்ணினார்.

"மேடம், ரெண்டு மணி நேரமா ஃபுல் லோடுல ஓட்டிட்டேன். எழுபத்திமூணு தாண்டல. ஃபேன் ஓகே, பேஸ்ட் யாரு போட்டது?"

"நான்தான்."

"அருமையா போட்டிருக்கீங்க. எங்ககிட்ட நல்ல பிள்ளையா இருக்கு. உங்க வீட்லதான் ஏதோ பிரச்சனை."

சாயங்காலம் வந்தது. அதே இடத்தில் வைத்தேன். அதே வேலை. தொண்ணூற்றாறு.

அக்கா: "டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் விட்டுப்போற குழந்தை மாதிரி. நானும் அப்படித்தானே. ஆஸ்பத்திரியில போய் உக்காந்தா எனக்கும் எல்லா நம்பரும் சரியா இருக்கும்."

உங்க வீட்லதான் ஏதோ பிரச்சனை. நாள் முழுக்க இந்த வரி காதில் ஓடுகிறது.

மார்ச் 13, வியாழன்

மேலாளர் கூப்பிட்டார். சமையலறைக்குப் போய், அக்காவுக்குக் கேட்காமல் இருக்கப் பாத்திரத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பேசினேன்.

"ஆபீஸுக்கே வந்து உக்காந்து முடிச்சிடுங்களேன். நல்ல மெஷின் காலியா கிடக்கு. ஒரு வாரம்தானே?"

"முடியாது சார். வீட்ல சூழ்நிலை அப்படி."

"யாராச்சும் ஆள் வச்சு..."

"முடியாது சார்."

யாரை வைப்பது? போன ஆகஸ்டில் நான் கீழே மருந்து வாங்கப் போன நேரம் பார்த்து அக்கா குளியலறையில் சரிந்து விழுந்தாள். குழாய் கழன்று கிடந்தது. நான் வந்து பார்த்தபோது உதடெல்லாம் நீலம். அன்றைக்கே முன்னறையிலிருந்த என் மேசையை அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுவிட்டேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

மார்ச் 15, சனி

மேசை விசிறியைப் பெட்டிக்கு நேரே வைத்து, பக்க மூடியைத் திறந்துவிட்டு ஓட்டினேன். எண்பத்துநாலு! இத்தனை எளிதா என்று நினைத்தேன். ஒரு படம் முழுசாக முடிந்தது. தனிவீடு போன்ற சொகுசு அறை, சுவர் முழுக்கக் கண்ணாடி, வெளியே கடல். நானே கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் அக்காவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. நிற்கவே இல்லை. குனிந்து, கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணெல்லாம் பிதுங்கி... விசிறிக் காற்று மூலையில் இருந்த தூசியையெல்லாம் கிளப்பி அவள் பக்கம் அடித்திருக்கிறது. மெஷினில் ஆக்சிஜன் அளவைக் கூட்டி வைத்தேன். முதுகைத் தடவினேன். டாக்டருக்குப் போன் போட்டேன். அவர் சொன்ன மருந்தை ஆவி பிடிக்க வைத்து ஒரு வழியாக அடங்கியது.

விசிறியைத் தூக்கிப் பரணில் எறிந்துவிட்டேன்.

என்ன பண்ணிட்டேன் நான்? ஒரு ஹோட்டல் ரூமுக்காகவா? கடல் தெரியுற ஜன்னலுக்காகவா? அவ மூச்சு விடுறதே பெரும்பாடு, அதுல போய் நான்—

அவள் பேச முடிந்ததும் முதலில் சொன்னது: "படம் முடிஞ்சுதா?"

மார்ச் 17, திங்கள்

செட்டிங்கில் போய் பிராசஸர் எழுபது சதவீதத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்று கட்டிப்போட்டேன். சூடு எண்பதுக்குள் நிற்கிறது. ஆனால் நத்தை. ஒரு படத்துக்கு இரண்டு பகலும் இரண்டு இரவும் போய்விடுகிறது. இருபதாம் தேதிக்குள் ஆறும் முடியாது. மேலாளரிடம் சொன்னேன். "உங்க வேலையில குறையே இல்ல. ஆனா..." என்று நிறுத்தினார். அந்த ‘ஆனா’வுக்குப் பிறகு என்ன வரும் என்று எனக்குத் தெரியாதா?

ஓடாமல் ஊர்ந்தால் சூடாகாது. அதுதான் இத்தனை மாதத்தில் நான் கண்டுபிடித்த வழியும்.

இந்த அறையின் நீளம் எனக்குக் கால்களாலேயே தெரியும். கட்டில், மெஷின், மேசை, சுவர். மெஷின் நாள் முழுக்க இரைகிறது; அந்த இரைச்சலுக்குள்ளே நான் இன்னொரு சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், அவள் மூச்சை. அது கொஞ்சம் மாறினால் என் விரல் விசைப்பலகையில் நின்றுவிடும். இன்னும் எத்தனை நாள் இப்படி? என்று மனசில் வந்துவிட்டது இன்று. வந்ததும் வியர்த்துவிட்டது. எத்தனை நாள் என்றால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தானே உண்டு. அதையா நான் கேட்டேன்?

இல்லை. கேட்கவில்லை. எழுதியதை அடிக்கவும் மனசு வரவில்லை.

மார்ச் 19, புதன்

கண்டுபிடித்துவிட்டேன்.

அக்காவின் மாத்திரை உருண்டு மேசைக்கு அடியில் போய்விட்டது. எடுக்க மண்டியிட்டேன். முகத்தில் சூடாகக் காற்று அடித்தது. கம்ப்யூட்டரிலிருந்து என்றுதான் நினைத்தேன். கை வைத்துப் பார்த்தால் அதன் முன்பக்கம். அது காற்றை உள்ளே இழுக்கும் பக்கம், வெளியே விடும் பக்கம் அல்ல. அப்படியென்றால்? கையை மெல்ல நகர்த்திக்கொண்டே போனேன். ஆக்சிஜன் மெஷினின் முதுகு. இஸ்திரிப் பெட்டியைத் திறந்து வைத்தது போல அங்கிருந்து வருகிறது. பிப்ரவரியில் டாக்டர் அளவைக் கூட்டச் சொன்ன பிறகு வந்த பெரிய மெஷின். பழையது கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றது. இதற்கு இடம் போதாமல் இந்தப் பக்கம் வைத்தோம். அந்த மெஷின் விடும் அனலை என் கம்ப்யூட்டர் குடித்துக்கொண்டிருக்கிறது, நாளெல்லாம்.

ஒரு அட்டையை நடுவில் செருகினேன். பதினைந்து டிகிரி சரசரவென்று இறங்கியது. அப்புறம் மெஷினுக்கு மூச்சு முட்டி அது கத்த ஆரம்பித்தது. அட்டையை உருவிவிட்டேன்.

மெஷினை அந்தப் பக்கம் வைத்தால் குளியலறைக் கதவு திறக்காது. கால்மாட்டில் வைத்தால் குழாய் இழுபடும். எல்லா வகையிலும் அளந்து பார்த்தேன். அளப்பதுதானே என் தொழில். இந்த அறையில் ஒன்றுக்குத்தான் இடம். என் மேசை பழையபடி முன்னறைக்குப் போக வேண்டும்.

போகாது. அக்காவிடம் சொல்லவே போவதில்லை.

மார்ச் 20, வியாழன்

நாலு படங்கள் அனுப்பினேன். ஹோட்டல்காரர்களுக்குப் பிடித்ததாம். மீதி இரண்டும் திங்கட்கிழமைக்குள் வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளிடம் போகும்.

மார்ச் 22, சனி

சண்டை. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு நிஜமான சண்டை.

அக்கா கேட்டாள், "புதன்கிழமை எதுக்குடி என் மெஷினுக்குப் பின்னாடி அட்டைய வச்ச? அது கத்துச்சே."

மழுப்பினேன். விடவில்லை. சொல்லிவிட்டேன்.

"அப்போ தூக்கிட்டு முன் ரூமுக்குப் போக வேண்டியதுதானே. இதுல என்ன யோசனை?"

"உன்னை விட்டுட்டா?"

"என்னை என்ன காட்டுலயா விடுற? நடுவுல ஒரு சுவர்."

"ஆகஸ்ட்ல என்ன நடந்துச்சு, மறந்துட்டியா?"

"நான் மறக்கல. நீதான் அதையே கட்டிக்கிட்டு இருக்க."

"பேசுவக்கா, பேசுவ. வந்து பார்த்தது நானு. அந்த உதட்டைப் பார்த்தது நானு. வேலை போனா போகட்டும், எனக்கு ஒண்ணும் இல்ல, உனக்காக—"

"எனக்காகன்னு சொல்லாத!"

கத்தினாள். இத்தனை சத்தம் அவளிடம் மிச்சம் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. கத்திவிட்டு மூச்சு வாங்க நெடுநேரம் ஆனது. நான் எழுந்தேன். உட்கார் என்று கையைக் காட்டினாள். மீட்டர் அவள் விரலில் இருந்தது. அதைக் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டாள். நான் பார்க்கக் கூடாதாம்.

அப்புறம் துண்டு துண்டாகச் சொன்னாள். முடிந்தவரை அப்படியே எழுதிவைக்கிறேன்.

"நான் இருமினா உன் கை நிக்குது. டக்டக்னு அடிச்சிட்டிருக்கும், நின்னுடும். நான் அடுத்த மூச்சு விடுற வரைக்கும் நீ விடமாட்ட. எனக்குக் கேக்குதுடி. முதுகுப் பக்கம் உக்காந்திருந்தாலும் கேக்கும். அதனால இருமலை அடக்குறேன். தொண்டையில வச்சு முழுங்குறேன். நீ குளிக்கப் போறப்போ, தண்ணிச் சத்தம் கேட்டதும்தான் வாய் விட்டு இருமுறேன். எட்டு மாசமா."

தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"உன் மூஞ்சியவே நாள் பூரா பாத்து எனக்கும் மூச்சு முட்டுது, குட்டி. போய் அந்தப் பக்கம் உக்காரு. நான் நிம்மதியா இருமிக்கிறேன்."

நெஞ்சில் கட்டி நிற்பதை வெளியே இருமித் தள்ளினால்தான் நல்லது என்று டாக்டர் ஒவ்வொரு முறையும் சொல்வார். ஏன் இப்போதெல்லாம் சளி வருவதில்லை என்று அவரிடம் நானே கேட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைக்காரர் சொன்னாரே, உங்க வீட்லதான் ஏதோ பிரச்சனை என்று. பிரச்சனை நாற்காலி போட்டு உட்கார்ந்து அவள் மூச்சை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது.

மார்ச் 23, ஞாயிறு

வேன்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள். மேசை கதவில் மாட்டிக்கொண்டது. காலைக் கழற்றி, சாய்த்து, திருப்பி, வெளியே எடுத்தோம். அக்கா கட்டிலிலிருந்து அதிகாரம் செய்தாள்: "இடது பக்கம்! அய்யோ, உங்க இடது இல்லங்க, என் இடது!" வேன்காரரின் மனைவி சிரித்துச் சிரித்து மேசையைக் கீழே போடப் பார்த்தாள்.

மேசை இருந்த இடத்தில் தரை வேறு நிறம். அக்கா அந்த இடத்தைப் பார்த்து, "அடேயப்பா, எவ்வளவு பெரிய ரூம்" என்றாள்.

மார்ச் 24, திங்கள்

பிராசஸரைக் கட்டிப்போட்டதை அவிழ்த்துவிட்டேன். முழு வேகம். எழுபத்திரண்டு டிகிரி. அங்கேயே நின்றது, கடைசி வரை.

ஆறு படங்களும் போய்ச் சேர்ந்தன.

சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா இருமினாள். கனமான, நீளமான இருமல். இப்படி அடக்காமல் இருமி நான் கேட்டதே இல்லை. நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாகிவிட்டது. கதவு வரை போனேன். கைப்பிடியில் கை வைத்தேன். அவள் கைக்கெட்டும் தூரத்தில் போன் இருக்கிறது, வேண்டுமானால் கூப்பிடுவாள். கூப்பிடவில்லை. துப்பினாள். தண்ணீர் குடிக்கும் சத்தம். அப்புறம் ரேடியோ.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். ஒரு கோடுகூட ஓடவில்லை.

மார்ச் 27, வியாழன்

இன்று கதவு வரை போகவில்லை. எழுந்து நின்றதோடு சரி.

ஏப்ரல் 3, வியாழன்

பேருந்து நிலையத்தில் அக்காவோடு வேலை பார்த்த டிக்கெட் கவுண்டர்க்காரி பார்க்க வந்தாள். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்றால், "நீங்க பக்கத்துலயே உக்காந்து வேலை பார்க்குறீங்க, தொந்தரவு எதுக்குன்னு அக்காதான் வர வேண்டாம்னாங்க" என்கிறாள். உள்ளே போனார்கள். கொஞ்ச நேரத்தில் கதவு சாத்தும் சத்தம். விருந்தாளி சாத்தவில்லை, கட்டிலிலிருந்து குழாயை இழுத்துக்கொண்டு நடந்து வந்து அக்காவே சாத்தியிருக்கிறாள். அந்தச் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியும்.

என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. சிரிப்புதான் கேட்டது. சிரிப்பு, இருமல், மறுபடி சிரிப்பு.

டாக்டர் சொன்னது மாறவில்லை. நுரையீரல் தழும்பேறி இறுகினது இளகாது. மெஷினும் போகாது. அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். சளி மட்டும் வர ஆரம்பித்திருக்கிறது.

ஏப்ரல் 12, சனி

வேன்காரரின் மனைவி மத்தியானம் பின்னல் வேலையோடு வந்து அக்காவோடு உட்கார்ந்துகொண்டாள். இருவரும் பேசிவைத்திருக்கிறார்கள்.

"நீ வெளியில போய்ட்டு வா" என்றாள் அக்கா.

"எங்கே?"

"எனக்கென்ன தெரியும்? ஆஸ்பத்திரி தவிர நான் வெளியில போயி ரெண்டு வருஷம் ஆச்சு. நீயே பாரு."

நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டேன். தெரு முனை வரை வேகமாக நடந்தேன், ஏதோ அவசர வேலை போல. முனையில் நின்றேன். வலது பக்கம் மருந்துக்கடை, இடது பக்கம் மளிகை. இந்த இரண்டையும் ஆஸ்பத்திரியையும் தவிர எதற்காகவும் நான் ரொம்ப நாளாக இந்த முனையைத் தாண்டியதில்லை. வாங்க எதுவும் இல்லை. ஒரு பழச்சாறு குடித்தேன். போனை எடுத்துப் பார்த்தேன். ஒரு அழைப்பும் இல்லை. பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒருவர் இருமினார்; எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுந்து வந்துவிட்டேன்.

கதவைத் திறந்ததும் உள்ளே பேச்சு நின்றது. அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகம் சுருங்கிவிட்டது. மறைக்கக்கூட இல்லை.

"அதுக்குள்ளயா வந்துட்ட?"

செருப்பைக் கழற்றவில்லை. "பர்ஸை மறந்துட்டேன்" என்று பொய் சொல்லிவிட்டு மறுபடி இறங்கினேன். இந்த முறை எந்தப் பக்கம் திரும்பினேன் என்று கவனிக்கவில்லை. திரும்பி வந்தபோது தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.